போர்த்தியிருந்த மரங்கள்

அத்தி தேடுகிறவர்களுக்கு உகந்த மாதம் ஜனவரி.

அப்போது பழம் இருக்காது, இலையும் இருக்காது. ஆனாலும் நியூ ஜெர்சியின் பழைய இத்தாலியத் தெருக்களில் மரம் தான் இருப்பதைச் சொல்வது அந்த மாதத்தில்தான். வேலிக்குப் பின்னால், ஆளுயரத்துக்கும் மேலே, பழைய கம்பளத்தைச் சுற்றி, அதன்மேல் தார்ப்பாயை இறுக்கி, கயிறு வரிந்து கட்டிய உருவம் ஒன்று நிற்கும். மழை உள்ளே இறங்காமலிருக்க உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்திருப்பார்கள். வழியில் போகிறவர்கள் பழைய சாமான் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். உள்ளே நிற்பது அத்தி. அதைப் போர்த்த அந்த வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார்.

கோடையில் தேடினால் இலை காட்டிக்கொடுக்கும். விரல் விரித்த அகல இலை தெருவிலிருந்தே தெரியும். ஆனால் கோடையில் எல்லா அத்தியும் செழிப்பாகத்தான் இருக்கும். எந்த மரம் தானாக நிற்கிறது, எந்த மரத்தை ஒருவர் நிற்க வைத்திருக்கிறார் என்பது குளிரில்தான் தெரியவரும். நான் தேடுவது இரண்டாவது வகையை.

*

1880க்கும் 1924க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கத்தியர்: சிசிலி, கலாப்ரியா, கம்பானியா, புலியா. நியூ ஜெர்சியில் நெவார்க், டிரென்டன், வைன்லாண்ட், ஹாமன்டன் என்று பரவினார்கள். பெட்டிக்குள், துணிமணிகளுக்கு நடுவே, ஈரத் துணியில் சுற்றிய சில குச்சிகளும் வந்தன. இலையுதிர்ந்து உறங்கும் அத்திக்குச்சிக்கு மண் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். காயாமலும் அழுகாமலும் பார்த்துக்கொண்டால் போதும், ஒரு கப்பல் பயணத்தைத் தாங்கிவிடும்.

பயிர்களுக்கான தடைக்காப்புச் சட்டம் 1912இல் வந்தது. 1919இல் அதன் கீழ் வந்த 37ஆம் எண் ஆணை, வெளிநாட்டு நாற்றுகளுக்கு வாசலை ஏறக்குறைய அடைத்தது. அதற்குப் பிறகு வந்த குச்சிகள் ஒளிந்து வந்தவை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. சட்டத்தின் மீது எனக்குக் குறை இல்லை. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை 1904இல் நியூயார்க்கில் முதலில் கண்ணில் பட்டது; அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்காவின் செஸ்ட்நட் காடுகளை அது வீழ்த்திவிட்டது. கோடிக்கணக்கான மரங்கள். அத்திக்கே ஆபத்தான கறுப்பு அத்தி ஈ 2021இல் கலிஃபோர்னியாவுக்குள் வந்துவிட்டது. இன்று யாராவது ஊரிலிருந்து மறைத்துக் கொண்டுவந்த குச்சி என்று நீட்டினால் வாங்க மாட்டேன். ஆனால் நூறு வருடத்துக்கு முன் வந்து, இங்கேயே பனியும் வெயிலும் பட்டு நிற்கிற மரம் வேறு. அது போனால் இங்கே திரும்ப வராது.

*

அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே நிறைந்திருப்பவை பூக்களாக இருந்தவை. அந்தப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோவது ஒரே ஒரு குளவி. அரிசிமணியைவிடச் சிறியது. பழத்தின் அடியிலிருக்கும் கண் வழியாக, இறக்கை பிய்ந்தாலும் பரவாயில்லை என்று உள்ளே நுழையும்.

கலிஃபோர்னியாக்காரர்கள் 1880களில் துருக்கியின் ஸ்மிர்னா அத்தியைக் கொண்டுவந்து நட்டார்கள். மரம் வளர்ந்தது, பிஞ்சு பிடித்தது, எல்லாம் பழுக்காமல் உதிர்ந்தது. குளவி இல்லாததுதான் காரணம். வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளர் அல்ஜீரியாவிலிருந்து குளவிகளை அனுப்ப, 1899இல் ஃப்ரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங்கின் தோட்டத்தில் அவை நிலைகொண்டன. அன்றிலிருந்து கலிஃபோர்னிய அத்திப் பழத்தின் விதைக்குள் உயிர் இருக்கிறது. பறவைகள் தின்று, ஓடைக்கரைகளிலும் பாலத்தடிகளிலும் எச்சமிட, அங்கெல்லாம் புது மரங்கள் முளைக்கின்றன. ஒவ்வொன்றும் உலகத்தில் முன்பு இல்லாத அத்தி. அங்கே அத்தி தேடுகிறவர்கள் ஓடையோரமாக நடந்து, நல்ல பழமாகக் கிடைத்தால் தாங்களே பெயர் வைக்கிறார்கள்.

எங்கள் பக்கம் அந்தக் குளவி இல்லை. இங்கே காய்ப்பவை மகரந்தம் இல்லாமலே பழுக்கும் வகைகள் மட்டும். பழத்துக்குள் விதை இருப்பதாகப் பல்லுக்குத் தோன்றும். உள்ளே கரு இருக்காது. அதனால் நியூ ஜெர்சியில் புது அத்தி பிறப்பதில்லை. கப்பலில் வந்தவை எவையோ, அவற்றில் மிஞ்சியவை எவையோ, அவ்வளவுதான். ஒரு கொல்லையில் ஒரு மரம் பட்டுப்போனால் கணக்கில் ஒன்று குறையும். கூட்டிக்கொள்ள வழி இல்லை.

*

விதையில் வந்த அத்தி தாய்மரமாக இருக்காது. ஒரு வகையை அப்படியே தொடர வேண்டுமென்றால் கிளையை ஒடித்து நட வேண்டும், முருங்கைப் போத்து நடுவதைப் போல. ஆகவே ஒரு வகை என்பது ஒரே மரம். எங்கோ எப்போதோ முளைத்த ஒற்றை மரம், கைமாறிக் கைமாறி, ஒரே நேரத்தில் ஆயிரம் இடத்தில் நிற்கிறது.

ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் தோண்டியபோது கருகிய அத்திப் பழங்கள் கிடைத்தன. பதினோராயிரம் ஆண்டுக்கும் மேலானவை. அவற்றுக்குள் கரு வளர்ந்த விதை இல்லை, குளவி இல்லாமல் பழுத்த வகையாக இருக்க வேண்டும், அத்தகைய மரத்தை மனிதர்கள் குச்சி நட்டுத்தான் பெருக்கியிருக்க முடியும், ஆகவே தானியங்களுக்கும் முன்னால் மனிதர் பயிர் செய்தது அத்தியைத்தான் என்று 2006இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏற்றுக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அந்த வழக்கின் தீர்ப்பைவிட, அந்தச் செய்கையே மனதில் தங்குகிறது. பழம் நன்றாக இருந்ததென்று நினைத்த ஒருவர் கிளையை ஒடித்துத் தன் வாசலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

என் மேசையில் இருக்கும் குச்சி போன கோடையில் வளர்ந்தது. அதில் இருக்கும் மரத்தின் வயதை யாராலும் சொல்ல முடியாது.

*

இந்த ஊர்க் கொல்லைகளில் 'பெயர் தெரியாத அத்தி' என்று கிடைப்பவற்றில் கணிசமானவை ஒரே சாயல். கருநீலத் தோல், சிவந்த சதை, சிறிய பழம், ஆழப் பிளந்த இலை. சேகரிப்பவர்கள் இவற்றை எட்னா வகை என்று ஒரு கூட்டமாகச் சொல்கிறார்கள். கடையில் ஹார்டி சிகாகோ என்ற பெயரில் கிடைப்பதும் இந்தக் கூட்டம்தான். ஒரு தெருவில் ஒரு குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் மரமும், நாற்பது மைல் தள்ளி இன்னொரு தாத்தாவின் பெயரால் அழைக்கப்படும் மரமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. அரிதானது என்று நம்பி வளர்த்தவர்கள் சிலர் இதில் மனம் ஒடிந்துபோகிறார்கள்.

வருந்த ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். வந்த குச்சிகள் பலவகை. அவற்றைச் சலித்தது குளிர். இந்தக் கூட்டத்து மரங்கள் தரைக்கு மேலே முழுக்கக் கருகினாலும் வேரிலிருந்து கிளம்பி, அந்த வருடமே காய்த்துப் பழுக்கும். போர்த்த ஆளில்லாமல் போன வீட்டிலும் அவை நின்றன. மற்றவை போயின. 2014 ஜனவரியிலும் 2015 பிப்ரவரியிலும் கடுங்குளிர் வந்தபோது இந்தப் பகுதியில் எத்தனையோ பழைய அத்திகள் தூரோடு கருகின. அதிலும் மீண்டெழுந்தவற்றில் இந்தக் கருநீலப் பழக்காரர்களே அதிகம்.

எனவே நான் இப்படி யோசிக்கத் தொடங்கினேன். இங்கே ஒரு பச்சைத் தோல் அத்தி, தாமதமாகப் பழுப்பது, குளிருக்கு நடுங்குவது, எண்பது வருடமாக ஒரு கொல்லையில் நிற்கிறதென்றால் அது தற்செயல் அல்ல. ஒவ்வொரு நவம்பரிலும் ஒருவர் அதற்காகக் குனிந்திருக்கிறார். அத்தியைத் தேடாதே, போர்வையைத் தேடு. நல்ல போர்வை எங்கே இருக்கிறதோ அங்கே, போர்த்தாமல் பிழைக்காத மரம் இருக்கிறது.

*

போர்த்துவது சுருக்கவழி. புதைப்பதுதான் முழு முறை.

நவம்பர் கடைசிக்குள் இலை கொட்டி முடிந்திருக்கும். கிளைகளைக் கயிற்றால் இழுத்துக் கற்றையாகக் கட்டுவார்கள். மரத்தின் ஒரு பக்கம், அதன் நீளத்துக்கு, முழங்கால் ஆழத்தில் பள்ளம் வெட்டுவார்கள். எதிர்ப்பக்கத்தில் மண்ணை இளக்கி, அந்தப் பக்கத்து வேர்களை மட்டும் மண்வெட்டியால் அறுப்பார்கள். பிறகு இரண்டு பேர் தோள் கொடுத்து மரத்தை மெல்லப் பள்ளத்துக்குள் சாய்ப்பார்கள். சாயும் பக்கத்து வேர்கள் வளைந்து கொடுக்கும். அவற்றைக்கொண்டுதான் மரம் உயிர் வைத்திருக்கும். மேலே சருகு, பலகை, பழைய தகரம், அதன்மேல் மண். வெளியே காற்று பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து பாகை போனாலும், ஓரடி ஆழத்து மண் உறைநிலையை ஒட்டியே நிற்கும். அத்திக்கு அது போதும்.

ஈஸ்டரை ஒட்டித் தோண்டி நிமிர்த்துவார்கள். நாள் பார்ப்பதில்தான் திறமை. முந்தினால் ஏப்ரல் உறைபனியில் மொட்டு கருகும். பிந்தினால் மண்ணுக்குள்ளேயே வெளுத்த தளிர் விட்டுவிடும். அது முதல் வெயிலில் சுருண்டுவிடும். நாட்காட்டியில் இதற்குத் தேதி கிடையாது. மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து முடிவு செய்வார்கள்.

இப்படி வருடா வருடம் படுத்தெழுந்த மரத்தின் அடி நேராக இருக்காது. ஒரே பக்கம் சாய்ந்து, தரையை விட்டுக் கிளம்பும் இடத்தில் முழங்கை மடங்கியது மாதிரி ஒரு வளைவு விழுந்திருக்கும். போர்வை இல்லாத கோடையிலும் நான் பார்ப்பது அந்த வளைவைத்தான்.

குளிர் குறைந்து வருகிறது. அமெரிக்க வேளாண் துறை 2023இல் வெளியிட்ட குளிர்மண்டல வரைபடத்தில் நாட்டின் பாதி அளவு பகுதி அரை மண்டலம் வெப்பமான பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. இனிப் புதைக்க வேண்டாம், போர்த்தவும் வேண்டாம் என்கிறார்கள். சில வருடங்களுக்கு அது சரியாகவே இருக்கும். பிறகு 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் வந்ததைப் போல ஓர் இரவில் குளிர் மடமடவென்று இறங்கும். பழக்கம் விட்டுப்போன வீடுகளில் அந்த ஓர் இரவே போதுமானது.

*

தெருவின் மூலை வீட்டை வாங்கிய தமிழ்த் தம்பதி மே மாதத்தில் கூப்பிட்டார்கள். இருவரும் இளையவர்கள், நாமக்கல் பக்கம்.

“அக்கா, கொல்லையில ஒரு மரம் காஞ்சு நிக்குது. ஆள் வச்சு எடுத்துடலாம்னு பாக்கறோம். நீங்க ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க.”

போனேன். ஆறேழு கிளைகள், சாம்பல் நிறம், நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பு. மேலே உயிர் இல்லை. ஆனால் அடியில் அந்த வளைவு இருந்தது, கிழக்கே வேலியை நோக்கி. தூரைச் சுற்றிச் சருகை விலக்கினேன். கட்டைவிரல் பருமனில் இரண்டு தூர்க்கன்றுகள், இலை விரிந்தும் விரியாமலும்.

சாமான் கொட்டகையில் ஒரு கம்பளச் சுருள், தார்ப்பாய், ஒரு வாளி. வாளியின் விளிம்பில் கயிறு அறுத்த தடம்.

“எடுக்காதீங்கம்மா. இது அத்தி.”

“நம்ம ஊரு அத்தியாக்கா? எங்க அம்மாயி ஊர்ல கெணத்துமேட்டுல ஒண்ணு நிக்கும். அடிமரத்துலயே கொத்துக் கொத்தாக் காய்க்கும். ஒடைச்சாப் பூச்சியா இருக்கும்.”

“அது வேற. இது சீமை அத்தி. ரெண்டும் ஒரே இனத்துக்காரங்க.”

அந்தப் பெண் மரத்தைப் புதிதாகப் பார்த்தாள். அவள் கணவர் வாளியை எடுத்து, அதன் தடத்தை விரலால் தடவிக்கொண்டே, இத எதுக்கு வச்சிருக்காங்கன்னு தெரியாம வெளிய போடப் பாத்தேன்கா என்றார். காய்ந்த கிளைகளை மட்டும் அறுத்தெடுத்தோம். பால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அத்திப்பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும்.

வீட்டை விற்றவரின் மகளிடம் பேச முடிந்தது. அவருடைய அப்பா கலாப்ரியாவிலிருந்து வந்தவர். மரத்துக்குப் பெயர் கேட்டேன். வீட்டில் வெள்ளை என்றுதான் சொல்வோம் என்றார். பச்சைப் பழமெல்லாம் அவர்களுக்கு வெள்ளை, கருநீலமெல்லாம் கறுப்பு. சின்ன வயதில் புதைத்த மண்ணின்மேல் ஏறி மிதிப்பது பிள்ளைகளின் வேலையாம். அப்பாவுக்கு முதுகு முடியாமல் போனபிறகு அண்ணன் கம்பளம் சுற்றினார். அண்ணனும் வேலைக்காக ஊர் மாறியபிறகு யாரும் சுற்றவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் தயக்கம் வந்தது. மரம் இன்னும் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்.

*

ஜூலையில் ஒரு தூர்க்கன்றில் விண்பதியம் போட்டேன். ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியை வைத்து, பாலித்தீன் சுற்றி, வெயில் படாமல் வெள்ளித்தாள் கட்டுவது. அத்தி இதற்கெல்லாம் அடம்பிடிக்காத மரம். ஆகஸ்டில் பாசிக்குள் வெள்ளை வேர்கள் பின்னியிருந்தன. அறுத்துத் தொட்டியில் வைத்தேன். இன்னொரு கன்றை அந்த மண்ணிலேயே விட்டோம். அது அந்த இடத்துக்கு உரியது.

இலைகளில் மஞ்சள் திட்டுகள் இருந்தன. தேமல் நோய். 1933இல் காண்டிட், ஹார்ன் என்ற ஆய்வாளர்கள் முதலில் எழுதிவைத்தது. அதற்குக் காரணமான நச்சுயிரியை அடையாளம் கண்டது 2009இல். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் அதைப் பரப்புகிறது, குச்சி கொடுக்கும் கைகள் அதைவிட அதிகமாகப் பரப்புகின்றன. பழைய அத்திகளில் இது இல்லாத மரம் அபூர்வம். தீர்க்க மருந்து இல்லை. நல்ல மண்ணும் சீரான தண்ணீரும் கிடைத்தால் மரம் அதைச் சுமந்துகொண்டே காய்க்கும். இந்தப் பதியன் கன்றும் செப்டம்பருக்குள் சுத்தமான இலை விட்டது. கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், சொல்லாமல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை.

*

அரிய வகைகளுக்கு விலை ஏறிவிட்டது. பேர்போன ஒன்றின் இரண்டு குச்சிகள் நூறு டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கின்றன. பணம் கொடுப்பவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அதில் பலர் உண்மையான ஆர்வத்தில் வாங்குகிறார்கள். ஆனால் எல்லாருக்கும் வேண்டிய குச்சி அழியாது. அதற்கு ஆயிரம் தொட்டிகள் காத்திருக்கின்றன. யாருக்கும் வேண்டாத, பெயரில்லாத, விற்பனைக்கு வந்த வீட்டின் கொல்லையில் நிற்கிற ஒன்றைத்தான் அரிது என்று சொல்வேன். புது வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் தேடும் வரைதான் அதற்கு ஆயுள்.

மயோர்க்கா தீவில் மொன்செராத் பொன்ஸ் என்ற மருந்தாளுநர் யுக்மயோர் ஊருக்கு அருகே சோன் முட் நோ என்ற நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்தி வகைகளைச் சேர்த்து நட்டிருக்கிறார். நான் போனதில்லை. அவருடைய பதிவுகளில் என்னைக் கவர்ந்தது எண்ணிக்கை அல்ல. பழத்தின் நிறம், கண்ணின் அளவு, பழுக்கும் வாரம் என்பவற்றோடு, அந்த மரம் எந்தப் பண்ணையில் கிடைத்தது, யாருடைய நிலத்தில் நின்றது என்பதையும் எழுதிவைக்கிறார். மரத்தின் விவரம் என்றால் அது வரைக்கும் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஐரா காண்டிட் வாழ்நாள் முழுக்க அத்தியோடு இருந்தவர். 1955இல் ‘ஹில்கார்டியா’ ஆய்வேட்டில் அவர் வெளியிட்ட தொகுப்பு இன்றைக்கும் அத்திக்காரர்களின் கடைசி மேல்முறையீடு. நூற்றுக்கணக்கான வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராக வழங்கிய மாற்றுப் பெயர்கள். எழுத்து வறண்டது, அளவுகள் நிறைந்தது. ஆனால் ஒரு பழத்தின் காம்புக் கழுத்தைப் பற்றி அவர் நான்கு வரி எழுதினால், அதற்குமுன் அந்தப் பழத்தைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார் என்று தெரியும். இரவில் அதைப் படிப்பது எனக்கு ஓர் அமைதி. தேடும் பழம் அகப்படாவிட்டாலும் கவனிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

*

பதியன் கன்று அடுத்த வருடமே பிஞ்சு பிடித்தது. செப்டம்பர் முடிந்தும் கல்லாகத்தான் இருந்தது. அத்தியைப் பறித்துவைத்துப் பழுக்கவைக்க முடியாது, மரத்திலேயே கனிய வேண்டும். உறைபனிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முக்கால் பருவம் வந்த காயின் கண்ணில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் வைப்பது. எண்ணெய் பட்ட காய்க்குள் எத்திலீன் வாயு ஊறி, கனிதல் சில நாட்களுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். காய் மிகப் பிஞ்சாக இருந்தால் பயன்படாது. கண்ணைச் சுற்றி லேசாகச் சிவப்பு ஓடும் நேரம் பார்த்து வைக்க வேண்டும். கண்மை இடும் கவனத்தோடு, தீக்குச்சி நுனியால் தொட்டு வைத்தேன். எல்லாக் காய்க்கும் வைக்கவில்லை. சிலவற்றை அதனதன் போக்கில் விட்டேன், இந்த மரத்தின் இயல்பு என்னவென்று தெரிய வேண்டும்.

அக்டோபர் நடுவில் எண்ணெய் வைத்தவை கழுத்து தொங்கிக் கனிந்தன. பச்சைத் தோல், வெளியே எந்த அலங்காரமும் இல்லை. பிட்டால் உள்ளே அடர்ந்த சிவப்பு. கருநீல அத்திகளில் தேன் முன்னால் நிற்கும்; இதில் புளிப்பின் ஓரம் ஒன்று கூடவே வந்து இனிப்பைத் தூக்கி நிறுத்தியது. தோலோடு தின்னலாம். எண்ணெய் வைக்காதவற்றில் பாதி பனியில் போயின. மீதி மாதக் கடைசியில் பழுத்தவை, அவைதான் இன்னும் ருசி. அந்தத் தாமதத்துக்காகத்தானே அந்த மனிதர் வருடா வருடம் பள்ளம் வெட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். பின்பருவப் பழத்துக்கு முந்தின வருடத்து மரமும் உச்சிக் கிளையும் பிழைத்திருந்தால்தான் கோடையின் தொடக்கத்திலேயே வேலையைத் தொடங்க முடியும். வேரிலிருந்து புதிதாகக் கிளம்பினால் இதற்கு நாள் போதாது.

காண்டிட்டில் பார்த்தேன். மிக நெருங்கி வருவது அட்ரியாட்டிக். அதற்கு அவர் தரும் மாற்றுப் பெயர்களில் வெர்தோனே உண்டு. இந்த மரம் அதுவேதான் என்று நாளைக்கு மரபணு சொல்லலாம். அப்படியானால் ஃப்ரெஸ்னோ பக்கம் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக உலரவைத்து விற்றுவரும் பழம் இது. வோல்ஃப்ஸ்கில் தோட்டத்தில், அரசின் மரபுவளக் காப்பகத்தில், முறையாக எண்ணிட்டு நிற்கும் மரம் இது. வறண்ட வெயிலில் அதற்கு யாரும் பள்ளம் வெட்டத் தேவையில்லை.

அதனால் என் தொட்டியின் சீட்டை மாற்றப்போவதில்லை. வெள்ளை, மூலை வீடு, கலாப்ரியா என்று எழுதியிருக்கிறேன். கீழே, கிழக்கே சாய்த்தது என்று ஒரு வரி. அட்ரியாட்டிக் என்பது உறுதியானால் அதையும் சேர்த்து எழுத இடம் இருக்கிறது.

*

மூலை வீட்டில் விட்டுவந்த கன்று இப்போது இடுப்புயரம். முதல் குளிருக்கு அந்தப் பெண்ணும் கணவரும் தாங்களே போர்த்தினார்கள். கொட்டகையிலிருந்த கம்பளம் இற்றுப்போயிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளம் ஒன்றைக் கிழித்துச் சுற்றி, மேலே அதே தார்ப்பாய், அதே வாளி. பருத்தி ஈரம் குடிக்கும், தார்ப்பாயின் அடியை மண்ணோடு ஒட்டாமல் காற்றுப் போக விடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

விற்றவரின் மகள் பென்சில்வேனியாவில் இருக்கிறார். இந்த வசந்தத்தில் வந்து, அவருக்கென்று குச்சி நட்டு வளர்த்த கன்றை வாங்கிப்போனார். காரில் வைப்பதற்கு முன் நிறையக் கேட்டார், நானும் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு குளிருக்குத் தொட்டியிலேயே இருக்கட்டும், வெளிச்சம் இல்லாத கராஜ் போதும், மாதத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர். தரையில் வைக்கும்போது நேராக நட வேண்டாம். பள்ளம் வெட்ட இடமிருக்கும் திசையில் சற்றுச் சாய்த்து நட்டால் பின்னால் படுக்கவைப்பது எளிது. இலையில் திட்டு வந்தால் பயப்பட வேண்டாம். நுனியை ஜூன் முடிவதற்குள் கிள்ளிவிட்டால் காய் முந்தும்.

வேரை எந்தப் பக்கம் அறுப்பது என்று கேட்டார். மண்ணை மிதித்தது நினைவிருக்கிறது, அப்பா எந்தப் பக்கம் அறுத்தார் என்பது நினைவில்லை என்றார். சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம், ஒவ்வொரு வருடமும் அதே பக்கம் என்றேன். எழுதிக்கொண்டார். ஒரு ஆளால் மரத்தைச் சாய்க்க முடியாது, அண்ணனை நவம்பரில் வரச்சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.